117: பரிசோதனையைப் பரிசோதித்த எண்

விடைத்தாள் திருத்தும்போது சிலவேளை இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு நடுப்பக்கம் பார்க்கப்படாமலேயே போய்விடும். நாங்கள் புள்ளியும் போட்டுவிடுவோம். பிள்ளை வந்து கேட்டால்தான் விஷயம் தெரியவரும். மென்பொருள் உலகிலும் இப்படியொரு பிழை வருடக்கணக்கில் ஒளிந்திருந்தது. தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறோம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் 'கிட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று பதிந்து வைப்பதே அதன் வேலை. அது ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க ஆயிரக்கணக்கான சிறு சோதனைகள் ஷெல் மொழியில் எழுதப்பட்டன. ஒரு சோதனைக்குள் பல கட்டளைகள் இருக்கும். அவற்றைக் கோர்ப்பது && குறி. 'இது சரிவந்தால் மட்டும் அடுத்ததைச் செய்' என்பது அதன் பொருள்.

ஓரிடத்தில் && விடுபட்டால்? ஷெல் கடைசியாக ஓடிய கட்டளையின் முடிவை மட்டுமே சொல்லும். நடுவில் தோற்றது வெளியே வராது. சோதனை 'சித்தி' என்றே காட்டும். மாற்றங்களைப் பரிசீலிப்பவர்கள் இதைக் கண்ணால்தான் தேடினார்கள். ஆயிரம் வரிகளில் ஒரு && இல்லாததை எந்தக் கண் பிடிக்கும்?

2015இல் ஜெஃப் கிங் ஒரு தந்திரம் செய்தார். ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் 117 என்ற எண்ணோடு வேண்டுமென்றே தோற்கும் ஒரு கட்டளையைக் கோர்த்தார். வேறு காரணத்தால் வர வாய்ப்புக் குறைந்த எண் என்பதால் 117. சங்கிலி முழுமையாக இருந்தால் மற்றக் கட்டளைகள் எதுவும் ஓடாது, கடைசியில் 117தான் வரும். எங்காவது அறுந்திருந்தால் அதற்குப் பின்னுள்ள கட்டளை ஓடிவிடும், வேறு எண் வரும். எவ்வளவு எளிமை!

அகப்பட்டவற்றை அவர் அற்பம், நடுத்தரம், பாரதூரம் என மூன்றாகப் பிரித்துத் திருத்தினார். பாரதூரமானவற்றில் சில, உண்மையில் எதையுமே சோதிக்காமல் 'சித்தி' சொல்லிக்கொண்டிருந்தவை.

ஆனால் அடைப்புக்குறிக்குள் தனியாக ஓடும் உட்பகுதிகளுக்குள் 117 புக முடியவில்லை. அதற்காக 2018இல் எரிக் சன்ஷைன் சோதனையின் எழுத்தையே வாசித்துப் பார்க்கும் கருவியொன்றைச் சேர்த்தார். 2022இல் அதையே பேர்ல் மொழியில் புதிதாக எழுதினார். சுழற்சிக்குள் தொலைந்துபோகும் தோல்விகளையும் அது காட்டிக்கொடுக்கும்.

அந்தக் கருவிக்கும் தனிச் சோதனைகள் உண்டு: வேண்டுமென்றே && விட்டு எழுதிய மாதிரிகளும், பிழை எங்கே என்று அது சொல்லவேண்டிய பதில்களும்.