செட்டிநாட்டுப் பேரேடு

காரைக்குடி, தேவகோட்டை வட்டார நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் வட்டிக்கடைகளில் ஆள்வாரியாகப் பற்று வரவு எழுதிவந்த கணக்குப் புத்தகம் செட்டிநாட்டுப் பேரேடு. பர்மா, இலங்கை, மலாயா, கொச்சின் சீனா என்று இவர்கள் தொழில் செய்யப் போன இடங்களிலெல்லாம், 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும், கடன் வாங்கியவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் கணக்கு தமிழிலேயே எழுதப்பட்டது.

கடையில் முக்கியமான ஏடுகள் மூன்று. அன்றன்றைய கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பு. அதிலிருந்து எடுத்து அவரவர் பெயரில் ஏற்றுவது பேரேடு. பேரேட்டில் உள்ள எல்லாப் பெயர்களின் மீதியையும் திரட்டி, வரவு மீதி ஒரு பக்கம், பற்று மீதி ஒரு பக்கம் என நிறுத்திப் பார்ப்பது ஐந்தொகை. பணம் தந்தவர் பெயரில் வரவு, கொண்டவர் பெயரில் பற்று. ஐந்தொகையின் இரு பக்கமும் சரிக்கட்டவில்லை என்றால், குறிப்பிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றியதிலோ கூட்டியதிலோ எங்கோ தவறு என்று பொருள். கடையின் தலைமை ஊழியரான மேலாளும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாளும் அதைத் தேடி எடுத்தாக வேண்டும்.

பழைய தமிழ்க் கணக்கின் அமைப்பு இன்றைய கட்டம் போட்ட அட்டவணையிலிருந்து வேறுபட்டது. தலையில் பிள்ளையார் சுழியும் ‘சிவமயம்’ என்ற சொல்லும் இருக்கும். கீழே தமிழ் ஆண்டு, மாதம், தேதி. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேலே சொன்னதே என்றால் ௸, ரூபாய்க்கு ௹. ஒரு வரியில் எது தேதி, எது தொகை, பணம் வந்ததா போனதா என்பதை இந்தக் குறிகளே சொல்லிவிடும். கோடு கிழித்த பத்திகள் செய்யும் வேலையைக் குறிகள் செய்தன என்பதே இந்த ஏட்டின் தனித்தன்மை.

இதற்கு எண்முறையும் ஒரு காரணம். பழைய தமிழ் எண்களில் சுழியம் கிடையாது. பத்து, நூறு, ஆயிரம் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி உண்டு. 275 என்பது ௨௱௭௰௫, 300 என்பது ௩௱, 1000 என்பது வெறும் ௲. நீளமாக எழுதிய எண் பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே எண்களை வலப்பக்கம் ஒழுங்காக நிறுத்தி வைத்தாலும், ஒன்றன்கீழ் ஒன்றாக ஓட்டிக் கூட்ட முடியாது. கூட்டல் எழுதுபவர் மனத்தில்தான் நடந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஒப்பித்து வளர்ந்த பையனுக்குத்தான் இந்த ஏடு வசப்படும்.

பின்னங்களில் ஒரு வசதி இருந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. தமிழில் பதினாறில் ஒன்று வீசம். எனவே ஓரணா வீசம், நாலணா கால், எட்டணா அரை, காலணா என்பது கால்வீசம் (64இல் ஒன்று) என்று இரண்டு முறைகளும் இயல்பாகவே பொருந்தின. ஒரு ரூபாய்க்கு 192 கொண்ட பைக்கு மட்டும் இந்தப் பொருத்தம் இல்லை. இலங்கை ரூபாய் 1872இலேயே நூறு சதமாகிவிட்டது; மலாயா டாலரும் நூறு காசுதான். ஆக, கொழும்புக் கடையின் கணக்கும் ரங்கூன் கடையின் கணக்கும் ஒரே முதலாளிக்கு வந்து சேரும்போது சில்லறை இரண்டு வகையாக இருந்தது.

முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருந்தார். கடையை நடத்தியவர் சம்பளத்துக்குப் போன ஏஜென்ட். பொதுவாக மூன்றாண்டுக் கணக்கு. முடிந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். ரங்கூன் மொகல் தெருவின் கிட்டங்கிகளில் (கூட்டுக் கடைக் கட்டடங்களில்) பல கடைகள் அருகருகே பெட்டி போட்டு உட்கார்ந்திருந்தன. புதிதாக வருபவர் முன்னவர் எழுதியதை அன்றே படித்துத் தொடர வேண்டும். கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவர் ஐந்தொகையைப் பார்த்தே கடையின் நிலையை அறிய வேண்டும். எழுதும் முறையில் ஆளுக்கொரு பாணி இருந்திருந்தால் இந்தத் தொழில் ஒரு தலைமுறைகூட ஓடியிருக்காது.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் வரவாகவும் பற்றாகவும் இரு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை உலகுக்குக் கொடுத்ததே நகரத்தார்தான் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. இத்தாலிய அறிஞர் லூகா பச்சோலி அதை விளக்கி வெனிஸில் அச்சிட்டது 1494இல். இத்தாலிய வணிகர் அதற்கு முன்பே கையாண்டனர். நகரத்தார் பிற நாட்டுப் பாடநூல் இல்லாமலே தமக்குள் ஒரு சரிபார்ப்பு முறையை வைத்திருந்தார்கள் என்பதே போதுமான பெருமை.

நீதிமன்றத்திலும் பேரேட்டுக்கு இடம் உண்டு. தொழில் நடைமுறையில் ஒழுங்காக எழுதிவந்த கணக்கேட்டின் பதிவு ஏற்கத்தக்கது. ஆனால் அதை மட்டுமே வைத்து ஒருவர்மீது கடன் பொறுப்பைச் சுமத்த முடியாது என்றது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமும் இதைத் தொடர்கிறது.

இந்த ஏட்டு முறை பின்னர் மெல்ல மறைந்தது. நகரத்தாரான மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அதன் ஏடுகள் வங்கி முறையில் அமைந்தவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கிருந்த வட்டிக்கடைகள் முடங்கின. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் அணா போய் நயா பைசா வந்தபோது, வீசக் கணக்குக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

இன்று குடும்பங்களில் எஞ்சியுள்ள பேரேடுகளைக் கணினியில் ஏற்ற விரும்புவோர் ஒரு சிறு சிக்கலைச் சந்திக்கிறார்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலமுடையவை அல்ல. ‘ர’ ஒடுங்கியது, ‘ணொ’ அகன்றது. இடைவெளி விட்டு விட்டு நிரைப்படுத்திய பத்திகள், அடுத்தவர் கைப்பேசியில் வேறு எழுத்துருவில் திறந்ததும் கலைந்துவிடும். விரிதாளின் கட்டங்களில் தேதி, பெயர், பற்று, வரவு என்று தனித்தனியாக இடுவதும், பக்கத்தின் முழுப் படத்தைக் கூடவே வைப்பதும் நல்லது. மூலத்தில் உள்ள ௸ குறியை விரித்து எழுதினால், விரித்ததைக் குறித்துவைக்க வேண்டும். இக்குறிகள் 2003இல் ஒருங்குறியில் சேர்ந்தன; வீசம் முதலான பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 எழுத்துகள் 2019இல் சேர்ந்தன. பின்னையவை வழக்கமான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச எழுத்துருவில் கிடைக்கின்றன.