அகதி என்னும் சொல்

வன்னியம்பட்டி போன்ற நம் வட்டாரச் சிற்றூர்களில், ஆதரவின்றி நிற்பவரைப் ‘போக்கற்றவர்’ என்றும் ‘நாதியற்றவர்’ என்றும் சொல்லுவது வழக்கம். வடமொழிவழி வந்த ‘அகதி’ என்னும் சொல்லுக்கும் ஏறக்குறைய அதே பொருள்தான். கதி இல்லாதவர் அகதி. துயர்துடைப்புப் பணியின் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கியபோது ‘ரெஃப்யூஜி’ என்பதற்கு நேராக இச்சொல்லையே நாம் வைத்துக்கொண்டோம்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 1685இல் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி நாந்த் ஆணையை நீக்கி, சீர்திருத்தச் சபையினரின் வழிபாட்டுரிமையைப் பறித்தார். கத்தோலிக்க அரசர் ஒருவரின் கொடுமைக்கு அஞ்சி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த அம்மக்களைக் குறிக்கவே, பிரெஞ்சிலிருந்து வந்த அச்சொல் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. அவ்வரலாற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. ‘தஞ்சம் அடைந்தவர்’ என்பதே அதன் பொருள்.

ருஷ்யரும் இதே சிக்கலைச் சந்தித்தனர். அவர்களுடைய ‘பேஜெனெத்ஸ்’ என்னும் சொல், ‘ஓடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் பெருந்திரளான மக்கள் வீடிழந்து வந்தனர். 1993இல் ருஷ்யா இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று ஓடிவந்தவர்க்கு, மற்றொன்று ‘கட்டாயத்தால் இடம்பெயர்ந்தவர்’க்கு. இடம்பெயர்ந்து குடியேறுபவர் என்னும் பழஞ்சொல் தாமே விரும்பிச் சென்றவரையும் குறிக்குமாதலால், ‘கட்டாயத்தால்’ என்னும் அடைமொழி தேவைப்பட்டது. இலங்கைப் போரில் வீடிழந்தோரை நாமோ ‘இடம்பெயர்ந்தோர்’ என்று மட்டும் எழுதினோம். அவர்களைப் பெயர்த்தது எது என்பது அச்சொல்லில் மறைந்துபோயிற்று.

ஆங்கிலச் சொல் அவர் அடைந்ததைக் கூறுகிறது. ருஷ்யச் சொல் அவர் செய்ததைக் கூறுகிறது. நம் சொல்லோ அவரிடம் இல்லாததைக் கூறுகிறது. தமிழில் புதிதாக ஆளப்படும் ‘ஏதிலி’ என்னும் சொல்லும் இன்மையையே சுட்டுகிறது.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர், தமிழகத்தில் ‘அகதிகள் முகாம்’களில் குடியமர்த்தப்பட்டனர். அங்கே பிறந்து, வேறு மண்ணைக் காணாத பிள்ளைகளும் அப்பெயரையே சுமந்தனர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அவற்றை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. நல்ல மாற்றமே. எனினும், பெயர் மாறியதால் மட்டும் குடியுரிமை வந்துவிடவில்லை. அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தோர்க்கு இடமில்லை.

‘தஞ்சம்’ என்னும் அழகிய சொல் தமிழில் என்றும் இருந்தது. எனினும் மொழிபெயர்க்கும்போது நாம் அதை எடுக்கவில்லை. ‘அகதி’ என்றால் குறை அவரோடு முடிந்துவிடுகிறது. ‘தஞ்சம் அடைந்தவர்’ என்றாலோ, தஞ்சம் தந்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒருவராக நிற்பதற்குத்தான் நாம் தயங்குகிறோமோ?