பெரோஸ் காந்தி: நாடாளுமன்றப் பணி

பெரோஸ் காந்தி (12 செப்டம்பர் 1912 – 8 செப்டம்பர் 1960) 1952 முதல் இறக்கும்வரை மக்களவையில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். அமைச்சர் பதவி எதுவும் வகித்ததில்லை. பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் மருமகன், இந்திரா காந்தியின் கணவர் என்றே வெளியில் அறியப்பட்டார். அவையில் அவருக்குரிய இடம் வேறு: ஆளுங்கட்சியின் பின்வரிசையில் உட்கார்ந்தபடியே அரசைக் கணக்குக் கேட்டவர்.

பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். 1946-இல் லக்னோவில் ‘நேஷனல் ஹெரால்டு’ நாளிதழின் நிர்வாக இயக்குநரானார். 1950 முதல் 1952 வரை தற்காலிக நாடாளுமன்றத்தில் இருந்தார். 1952, 1957 தேர்தல்களில் ரேபரேலி பகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார்.

வாக்களிப்பைக் கொண்டு இவரை அளக்க வழியில்லை. அக்காலத்திலும் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. அதில் யார் எப்பக்கம் என்ற பெயர்ப் பட்டியல் எழுதப்படுவதில்லை. வாக்குப்பதிவு இயந்திரம் மக்களவைக்கு வந்ததே 1957-இல்தான். கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985-இல் வந்தது என்றாலும், கொறடாவின் சொல்லுக்கு அதற்கு முன்பும் வலு இருந்தது. பெரோஸின் தடம் அவைக் குறிப்பேட்டில் அச்சான உரைகளில்தான் கிடைக்கிறது.

முதல் மூன்றாண்டுகளில் அந்தத் தடம் மெலிந்தே காணப்படுகிறது. 1955 டிசம்பரில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பற்றிப் பேசிய உரையே அவரை அடையாளம் காட்டியது. பாலிசிதாரர் கட்டிய பணம் முதலாளிகளின் சொந்தத் தொழில்களுக்குத் திருப்பப்படுவதை, ராமகிருஷ்ண டால்மியாவின் பாரத் இன்ஷூரன்ஸ் கணக்கைக் கொண்டு வரிவரியாக எடுத்துக்காட்டினார். டால்மியா பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு அவசரச் சட்டம் மூலம் கையகப்படுத்தியது. 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாகி, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் எல்.ஐ.சி. ஆனது. இதற்கு பெரோஸின் உரையே காரணம் என்று அவரைப் போற்றுவோர் எழுதுவர். நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் இதற்கான ஏற்பாடுகளை இரகசியமாகச் செய்துவந்தார் என்பதையும் சேர்த்தே இதை மதிப்பிட வேண்டும்.

அதே ஆண்டில் அவருடைய தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) சட்டமானது: நாடாளுமன்ற நடவடிக்கைகள் (வெளியீட்டுப் பாதுகாப்பு) சட்டம், 1956. அவைக்குள் பேசிய உறுப்பினர் மீது வழக்குத் தொடர முடியாது; அதே பேச்சை அச்சிட்ட பத்திரிகை மீது தொடர முடியும் என்பது அன்றைய நிலை. அச்சுக்கூடத்தின் கவலை அறிந்து வந்தவருக்கு இந்த இடைவெளி தெரிந்திருந்தது. தீய நோக்கின்றி, சாராம்சத்தில் உண்மையாக வெளியிடப்படும் அவைச் செய்திக்கு இச்சட்டம் காப்பளித்தது. விடுதலைக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14 மட்டுமே.

மிக விரிவாகப் பதிவாகியிருப்பது முந்த்ரா விவகாரம். 1957 ஜூனில் எல்.ஐ.சி., கல்கத்தாத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. விலையும் சந்தை விலையைவிடக் கூடுதல். டிசம்பர் 16 அன்று பெரோஸ் எழுந்தார். எதிரில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, சென்னைத் தொழிலதிபர், தென் சென்னைத் தொகுதி உறுப்பினர், சொல்லுக்குச் சொல் திருப்பித் தரக்கூடியவர். நான் ஓங்கித்தான் அடிப்பேன், அதைவிட ஓங்கிய அடியையும் எதிர்பார்க்கிறேன் என்ற பொருளில் தொடங்கிய பெரோஸ், எதிர்த்தரப்பிலும் டி.என்.டி. வெடிமருந்து ஏராளமாக உண்டு என்றார். அமைச்சரை நாடே ‘டி.டி.கே.’ என்று அழைத்துவந்த காலம் அது. அமைச்சருக்கும் நிதித்துறை முதன்மைச் செயலாளருக்கும் இடையேயான கடிதங்கள் பெரோஸின் கைக்கு எப்படி வந்தன என்பது பற்றிப் பலவாறு சொல்லப்படுகிறது.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தலைமையில் ஒருநபர் விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரணையைப் பகிரங்கமாக நடத்தினார் சாக்ளா. கூட்டம் அறைக்குள் அடங்காததால் வெளியே ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. பாலிசிதாரரான சாமானியர்கள் தங்கள் பணத்துக்கு என்ன ஆனது என்று நின்று கேட்ட காட்சி இந்தியப் பொதுவாழ்வில் அரிது. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று ஆணையம் கூறியது; 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். வாங்கும் முடிவில் அவருக்கு நேரடிப் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் ஒத்த கருத்தில்லை. அவர் 1963-இல் மீண்டும் நிதியமைச்சரானார். அன்றைய செயலாளர் எச். எம். பட்டேல் 1977-இல் அதே பொறுப்பை ஏற்றார்.

டாடாவின் டெல்கோ நிறுவனம் ரயில் எஞ்சினுக்கு ஜப்பானிய விலையைப் போல் ஏறக்குறைய இருமடங்கு வாங்குகிறது என்று கூறி, அதை நாட்டுடைமையாக்கவும் பெரோஸ் கோரினார். டாடாக்களும் பார்சிகள் என்பதால் அச்சமூகத்தில் சலசலப்பு எழுந்தது. மைய மண்டபத்தில் அவர் நண்பர்களோடு வழக்கமாக அமரும் இடத்துக்கு ‘பெரோஸ் மூலை’ என்றே பெயர் நிலைத்தது. கட்சி பார்க்காமல் உறுப்பினர்களும் நிருபர்களும் அங்கு கூடுவார்கள்.

1959 ஜூலையில் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு கலைக்கப்பட்டதை அவர் எதிர்த்தார். அப்போது காங்கிரஸ் தலைவர் இந்திரா காந்தி. வீட்டில் இதுபற்றி நடந்த வாக்குவாதம் குறித்த செய்திகள் நினைவுக் குறிப்புகளை நம்பியவை. மறு ஆண்டு, 48 வயது நிறைய நான்கு நாள் இருக்கையில், டெல்லி வில்லிங்டன் மருத்துவமனையில் மாரடைப்பால் காலமானார்.

அவர் கொண்டுவந்த சட்டம் நெருக்கடிநிலைக் காலத்தில், இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது நீக்கப்பட்டது. ஜனதா அரசு 1977-இல் அதை மீண்டும் இயற்றியது. 1978-இன் 44-ஆவது திருத்தம் 361ஏ பிரிவாக இப்பாதுகாப்பை அரசியலமைப்பிலேயே சேர்த்து, மாநிலச் சட்டமன்றச் செய்திகளுக்கும் விரித்தது. தனிநபர் மசோதா எதுவும் 1970-க்குப் பின் சட்டமாகவில்லை.