இடுப்பில் ஆரம்பித்து கால் வரை இழுக்கும் வலி: சியாட்டிகாவுக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்? எப்போது டாக்டரிடம் போகணும்?

இடுப்பில் சுருக்கென்று பிடிக்கிறது. அங்கிருந்து புட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வலி. இருமினாலோ, தும்மினாலோ இன்னும் அதிகமாகிறது. "வாயுப் பிடிப்பா இருக்கும், தைலம் தேய்ச்சா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். பலருக்கு உண்மையிலேயே சரியாகியும் விடுகிறது. ஆனால் சிலருக்கு ஒருநாள் தாமதம்கூட நிரந்தர பாதிப்பில் முடியலாம். எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? விரிவாகப் பார்க்கலாம்.

சியாட்டிகா என்றால் என்ன?

நம் உடலிலேயே தடிமனான நரம்பு சியாட்டிக் நரம்பு. கீழ்முதுகில் இருந்து கிளம்பி, புட்டம் வழியாக ஒவ்வொரு காலுக்கும் இறங்குகிறது. இதன் வேர்ப்பகுதி அழுத்தப்படும்போது அல்லது உறுத்தப்படும்போது வரும் வலிதான் சியாட்டிகா. அதாவது, இது தனி நோய் இல்லை, ஓர் அறிகுறி.

பெரும்பாலும் காரணம், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்குவது. "டிஸ்க் விலகிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். வயதானவர்களுக்கு நரம்பு செல்லும் பாதை குறுகுவதாலும் வரலாம். ஆயுர்வேதத்தில் இதற்குப் பெயர் கிருத்ரசி. கிருத்ரம் என்றால் கழுகு. வலியால் கழுகு போலத் தத்தித் தத்தி நடப்பதால் அந்தப் பெயர்.

வலி 12 வாரங்களைத் தாண்டினால் அது நாள்பட்ட வலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடி பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 2050-ல் இது 84.3 கோடியாகலாம்.

தானாகவே சரியாகுமா?

பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் வலி குறைந்துவிடும். பிதுங்கிய ஜவ்வை உடலே மெதுவாகக் கரைத்து உறிஞ்சிக்கொள்வதும் உண்டு.

"ஸ்கேன்ல டிஸ்க் பல்ஜ்னு போட்டிருக்கே" என்று பயப்படுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுக்கம் இருந்தது. எனவே ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

படுத்தே இருந்தால் குணமாகுமா?

ஆகாது. சியாட்டிகா நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், முழு ஓய்வில் இருந்தவர்களுக்கும் வழக்கமான வேலைகளைப் பார்த்தவர்களுக்கும் குணமாவதில் வித்தியாசம் தெரியவில்லை. வலி கடுமையாக இருந்தால் ஓரிரு நாள் ஓய்வெடுங்கள். அதற்கு மேல் படுத்தே கிடந்தால் தசைகள் பலவீனமாகும்.

ஒத்தடம், தைலம்: பலன் உண்டா?

வெந்நீர்ப் பை, வறுத்த கல்லுப்பைத் துணியில் கட்டிக் கொடுக்கும் ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம் எல்லாவற்றிலும் பொதுவாக வேலை செய்வது சூடுதான். ரத்த ஓட்டம் கூடி, இறுகிய தசை தளர்கிறது; வலி கொஞ்ச நேரம் குறைகிறது. 15 முதல் 20 நிமிடம் போதும். ஆனால் அழுந்திய நரம்பை ஒத்தடம் விடுவிக்காது.

சர்க்கரை நோயாளிகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். வேறொருவர் கையில் சூட்டைப் பார்த்துவிட்டு வைப்பது நல்லது.

தைலத்தை மென்மையாகத் தேய்க்கலாம். ஆனால் முதுகில் ஏறி மிதிப்பது, "கால் முதல்ல வெளிய வந்து பிறந்தவங்க உதைச்சா பிடிப்பு விட்டுடும்" என்று உதைக்கச் சொல்வது, சொடக்கு எடுப்பது எல்லாம் வேண்டாம். பிதுங்கிய ஜவ்வு மேலும் நகரலாம். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு எலும்பே முறியலாம்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகள்

• நடை: இதுதான் முதல் மருந்து. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் லான்செட் இதழில் வெளியானது. முதுகுவலியில் இருந்து மீண்டு, படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர இடைப்பட்ட காலம் 208 நாள். அப்படிச் செய்யாதவர்களுக்கு 112 நாள். 5, 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் என்ற அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

• குப்புறப்படுத்து மார்பைத் தூக்குவது: முதலில் முழங்கைகளை ஊன்றி, பழகியதும் உள்ளங்கைகளை ஊன்றி, புஜங்காசனம் போல. இடுப்பு தரையை விட்டு எழக்கூடாது. 10 முறை.

• இடுப்பைத் தூக்குவது: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி 5 விநாடி நிறுத்துங்கள். 10 முறை.

• புட்டத் தசையைத் தளர்த்துவது: மல்லாந்து படுத்து, ஒரு காலை இன்னொரு முழங்காலின் மேல் குறுக்காகப் போட்டு, இரண்டையும் மார்பை நோக்கி இழுங்கள். 20 விநாடி.

பயிற்சி உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. காலில் இருந்த வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி. இடுப்பு வலி காலுக்கு இறங்கினால், அந்தப் பயிற்சியை உடனே நிறுத்துங்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் வலித்து, முன்னால் குனிந்தால் குறைகிறது என்றால், நரம்புப் பாதை குறுகியிருக்கலாம். அவர்களுக்கு மார்பைத் தூக்கும் பயிற்சி ஒத்துவராது.

படுக்கை, உட்காரும் முறை

"கட்டாந்தரையில படுத்தா சரியாகும்" என்பது பழைய நம்பிக்கை. ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தர கெட்டி மெத்தைதான் அதிகப் பலன் தந்தது. ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே வையுங்கள். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள்.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்து நடங்கள். பேன்ட் பின்பாக்கெட்டில் தடிமனான பர்ஸை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டி வைத்துத் தூக்குங்கள்; தூக்கியபடியே இடுப்பைத் திருப்பாதீர்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், முக்கும்போது வலி கூடும்.

மாத்திரை, பெல்ட்: எது தேவை?

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்கும். ஆனால் நாள்கணக்கில் போட்டால் வயிற்றுப்புண், கிட்னி பாதிப்பு, ரத்த அழுத்தம் கூடுவது என்று சிக்கல்கள் வரும். சர்க்கரை, இதய, கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. "நரம்பு மாத்திரை" என்று தரப்படும் பிரிகாபலின், சியாட்டிகாவுக்கு வெற்று மாத்திரையைவிட அதிகப் பலன் தரவில்லை என்று 2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. தலைச்சுற்றல் மட்டும் அதிகமாக இருந்தது.

நாள்பட்ட முதுகுவலிக்கு இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையும் வழக்கமாகத் தேவையில்லை என்கிறது 2023-ல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டி. மூன்றே நாளில் வலி போகும் என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளிலும் கவனம் தேவை. அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், எப்போது?

• சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது சிறுநீர், மலம் தெரியாமலே போவது
• பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது
• இரண்டு கால்களிலும் பலவீனம்
• பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது

முதல் மூன்றும் முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள். "காலையில பார்த்துக்கலாம்" என்று இருக்கக்கூடாது. ராத்திரி என்றாலும் கிளம்புங்கள். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

இவை தவிர, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் தூங்கவிடாத வலி இருந்தால் சீக்கிரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். காசநோய் முதுகெலும்பையும் தாக்கும். நம் நாட்டில் இதை மறந்துவிடக்கூடாது. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களும், கீழே விழுந்தபின் வலி வந்தவர்களும் அப்படித்தான்.

எந்த ஆபத்து அறிகுறியும் இல்லை, ஆனால் 6 வாரம் ஆகியும் வலி குறையவில்லை என்றாலும் எலும்பு அல்லது நரம்பியல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அதுவரை நடையை நிறுத்த வேண்டாம்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. கர்ப்பிணிகள், ஏற்கெனவே நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள் எந்தப் பயிற்சிக்கும், மருந்துக்கும் முன்னால் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)