வலிக்கிற மரப்பும் வலிக்காத மரப்பும்

கேமரன் மலையின் வடக்கே, திரிங்காப்பைத் தாண்டி கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில் இருக்கிறது கோலா தெர்லா. சுற்றுவட்டாரத்தில் காய்கறித் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளும். விரலால் கொழுந்து கிள்ளிய காலம் போய், கத்தரியும் இருவர் பிடித்து வெட்டும் இயந்திரமும் வந்துவிட்டன. வேலையின் விதம்தான் மாறியது. கையின் பாடு குறையவில்லை. "கை மரத்துப்போச்சு" என்றால் நம் வீடுகளில் கிடைக்கிற பதிலும் மாறவில்லை: கோடாலித் தைலத்தைத் தேய்த்துவிட்டுப் படு.

இந்தப் பதில் ஒரு மரப்புக்குப் பெரிய கெடுதல் செய்யாது. இன்னொன்றில் ஆளையே முடக்கிவிடும்.

முதலாவது, மெல்ல வருவது. நாள் முழுக்கக் கத்தரியை இறுக்கிப் பிடிப்பவருக்கு மணிக்கட்டின் குறுகலான பாதையில் ஓடும் நரம்பு நசுங்குகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரக்கும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. நடுராத்திரியில் எரிச்சலோடு எழுப்பும், கையை உதறினால் கொஞ்சம் அடங்கும். சுண்டுவிரலே மரத்தால் பெரும்பாலும் முழங்கையில் கோளாறு. கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து விரல்வரை மின்சாரம் பாய்ந்தால் கழுத்தில். இயந்திரம் பிடிப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: ஆண்டுக்கணக்கான அதிர்வு விரல் நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் கெடுத்துவிடும், மலைக்குளிரில் விரல் நுனி வெளுத்துப்போகும்.

இதற்கு அவசரம் இல்லை; ஆனால் அலட்சியமும் கூடாது. சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், கோப்பை கைநழுவினால், பெருவிரலடிச் சதை வற்றினால் கிளினிக்குக்குப் போக வேண்டும். தொடக்கத்திலேயே போனால், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொள்வதே பலருக்குப் போதும். இரண்டு கையும் மரத்து நடையும் தள்ளாடினால் கழுத்தில் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும். அதிர்வால் வரும் நோய், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் அதன் தொழில் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்க வேண்டாம்.

இரண்டாவது, வந்த நிமிஷத்தைச் சொல்ல முடிகிற மரப்பு. தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கக் கை செயலற்றுத் தொங்கும். வாய் கோணும், பேச்சு குழறும், அதே பக்கக் காலும் இழுக்கும். சில சமயம் கை மட்டும்தான். மலாய்க்காரர்கள் 'அங்கின் அஹ்மார்' என்பது இதைத்தான், நமக்குப் பக்கவாதம். பெரும்பாலும் கையில் வலியே இருக்காது. ஆபத்தே அதுதான் என்பேன். எரிகிற கைக்கு ஊரே வைத்தியம் சொல்கிறது; வலிக்காத கையை மட்டும் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விட்டுவிடுகிறோம். பத்து நிமிஷத்தில் தானாகச் சரியானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரிய அடைப்புக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். கையோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் இதயம். அதற்கும் இதே அவசரம்தான்.

இரண்டு மரப்புக்கும் பொதுவான உறவு ஒன்று உண்டு: இனிப்பு நீர். மணிக்கட்டு நரம்பு நசுங்குவதையும் மூளை ரத்தக்குழாய் அடைபடுவதையும் அது அதிகமாக்குகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4. ஆகவே இனிப்பு நீர் உள்ளவர், "எனக்கு எப்பவும் மரக்கும்" என்று புது மரப்பையும் பழைய கணக்கில் எழுதக் கூடாது.

பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-இல் தெரிந்தது. 2008-இல் அந்த எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. ஊசி போடுமுன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவில் ஆஸ்பிரின் கேடு செய்யும் என்பதால் வீட்டில் மாத்திரை கொடுக்கக் கூடாது. கோலா தெர்லாக்காரர்களுக்கு இந்த நாலரை மணி நேரம் இன்னும் குறுகியது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போக, விடுமுறை நாளில் கியா பார்ம், பிரிஞ்சாங் நெரிசலைக் கடக்க வேண்டும். ஈப்போவுக்கு சிம்பாங் புலாய் வரை மலைப்பாதையில் இறங்க வேண்டும். எந்தப் பக்கம் போவது என்று வீட்டில் விவாதிக்காமல் முதலில் 999-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் நிச்சயம் கேட்கும் கேள்வி ஒன்று: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? காலையில் மரத்த கையோடு எழுந்தவருக்கு, அது எழுந்த நேரம் அல்ல. முந்தின இரவு நல்லபடியாகப் படுக்கப் போன நேரம்.