எந்த ஞானோபதேசம்?

ஞானோபதேச வகுப்பில் ஐயம் எழுந்தால் நான் முதலில் எடுப்பது, திரெந்து சங்கத்தின் விருப்பப்படி 1566இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட நூலை. பங்குக் குருக்களுக்காக எழுதப்பட்டது அது. விசுவாசப் பிரமாணம், தேவதிரவிய அனுமானங்கள், கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம் என்று நான்கு பகுதிகள். சொல்லில் தயக்கமே இராது.

1966இல் நெதர்லாந்தில் வந்த புதிய நூலோ மனிதனின் தேடலிலிருந்து தொடங்கியது. ஆதிப்பாவம், மரியாளின் கன்னிமை, நற்கருணை பற்றியெல்லாம் அது தெளிவாகப் பேசவில்லை என்று கர்தினால்மார் குழு 1968இல் திருத்தம் கேட்டது. கேட்டது சரிதான், குழந்தைக்குக் குழப்பத்தைப் பாடமாக்கக் கூடாது.

1992இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட நூல் பழைய நான்கு பகுதிகளுக்கே திரும்பியது. ஆனால் மரண தண்டனை பற்றிய அதன் 2267ஆம் எண் 2018இல் மாற்றி எழுதப்பட்டது. ஆகவே 1992 நூலின் திருத்திய பதிப்பை வாங்குங்கள். 1566 நூலைப் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.