நடுவரின் தீர்ப்புக்கு மதிப்பெண்

1863 டிசம்பரில் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் ஏற்றுக்கொண்ட முதல் 13 விதிகளில் நடுவருக்கு இடம் இல்லை. தகராறு வந்தால் இரு அணித் தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கனவான்கள் ஏமாற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நின்ற ஏற்பாடு அது. கோப்பையும் நுழைவுச்சீட்டுப் பணமும் வந்த பிறகு அந்த நம்பிக்கை தாக்குப்பிடிக்கவில்லை. ஒவ்வோர் அணியும் தன் பக்கத்துக்கு ஓர் அம்பயரை நிறுத்தியது. அம்பயர்கள் இருவரும் ஒத்துப்போகாதபோது களத்துக்கு வெளியே நின்ற மூன்றாவது ஆளிடம் வழக்கு போனது. அவர்தான் ரெஃபரி. 1891-இல் அவரைக் களத்துக்குள் கொண்டுவந்து முழு அதிகாரமும் கொடுத்தார்கள். அம்பயர்கள் கொடியோடு எல்லைக்கோட்டுக்குப் போனார்கள். பெனால்டி உதையும் அதே ஆண்டில்தான் விதியானது. ஒரு தனி மனிதர் கணப்பொழுதில் எடுக்கும் முடிவு ஏறக்குறைய ஒரு கோலுக்குச் சமம் என்ற நிலை அந்த ஆண்டில் தொடங்குகிறது.

ஆட்டத்தின் நிகழ்வுகள் குறித்து நடுவர் சொல்வதே இறுதி என்பது விதி. அந்த இறுதித் தீர்ப்பு சரியானதுதானா என்று பிறகு சோதிக்க நெடுங்காலம் எந்தச் சாதனமும் இல்லை. பந்து ஒரு முறைதான் போனது; அதைப் பார்த்த கண்கள் வீட்டுக்குப் போய்விட்டன. நிருபர் எழுதியதும் ரசிகர் நினைவில் வைத்திருந்ததும் மட்டுமே மிச்சம். இங்கிலாந்து லீக்கில் ஆட்டம் முடிந்ததும் கிளப்புகளே நடுவருக்கு மதிப்பெண் போட்டு அனுப்பும் வழக்கம் இருந்தது. தோற்ற அணியும் ஜெயித்த அணியும் ஒரே ஆளுக்கு எப்படிப்பட்ட மதிப்பெண் போட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தீர்ப்பை அளக்க முதலில் தீர்ப்பைத் திரும்பப் பார்க்க முடிய வேண்டும். அந்த வசதியைக் கொடுத்தது கேமரா.

1966 ஜூலை 30 அன்று லண்டன் வெம்ப்லியில் நடந்த உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் மோதித் தரையில் விழுந்து வெளியே வந்தது. சுவிட்சர்லாந்து நடுவர் காட்ஃப்ரீட் டீன்ஸ்ட் சந்தேகத்தோடு எல்லைக்கோட்டு நடுவர் தோஃபிக் பஹ்ரமோவிடம் ஓடினார். அஜர்பைஜானைச் சேர்ந்த பஹ்ரமோவ் கோல் என்று தலையசைத்தார். 2-2 என்ற கணக்கு 3-2 ஆனது, முடிவில் 4-2. ஆடுகளத்தில் சில நொடிகளில் முடிந்துபோன அந்த வழக்கு, வெளியே முப்பது ஆண்டு நடந்தது. 1996-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களான இயன் ரீடும் ஆண்ட்ரூ ஜிஸ்ஸர்மனும் பழைய படச்சுருளின் சட்டங்களைக் கணினி வடிவியலில் ஆராய்ந்து, பந்து முழுமையாகக் கோட்டைத் தாண்டவில்லை என்று முடிவு சொன்னார்கள். பந்து முழுவதும் கோடு முழுவதையும் கடந்தால்தான் கோல். இதற்கிடையில் பாகு நகரத்து மைதானத்துக்குப் பஹ்ரமோவின் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

தொலைக்காட்சி நடுவரின் மேல் நீதிபதியாக உட்கார்ந்தது இத்தாலியில். 1967 அக்டோபரில் மிலான் நகரின் இரு அணிகளும் மோதிய ஆட்டத்தில், ஜான்னி ரிவேராவின் உதை குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. நடுவர் கோல் கொடுத்தார். அன்று இரவு ராய் தொலைக்காட்சியின் ‘லா தொமேனிகா ஸ்போர்த்திவா’ நிகழ்ச்சியில் கார்லோ சஸ்ஸியும் ஹேரோன் விதாலெத்தியும் அந்தப் படச்சுருளை மொவியோலா என்ற படத்தொகுப்பு இயந்திரத்தில் மெதுவாக ஓட்டி, சட்டம் சட்டமாக நிறுத்திக் காட்டினார்கள். பந்து கோட்டைத் தாண்டவில்லை. நடுவர் பார்க்க முடியாத ஒன்றை நாடு முழுவதும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தது. அதன் பிறகு ஞாயிறு இரவுகளில் நடுவர்களின் முடிவுகளைப் பிரித்து மேய்வது இத்தாலியில் ஒரு தனிப் பண்பாடாகவே வளர்ந்தது. மொவியோலா என்ற இயந்திரத்தின் பெயரே அந்த விசாரணைக்கும் பெயராகிவிட்டது.

இதில் ஓர் அநியாயமும் இருந்தது. நடுவர் ஒரு கோணத்திலிருந்து, ஓடிக்கொண்டே, ஒரே தடவை பார்க்கிறார். அவரை மதிப்பிடுபவர் பல கோணங்களில், உட்கார்ந்தபடி, வேண்டும் மட்டும் பார்க்கிறார். 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரில் நடந்த உலகக்கோப்பை ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் மரடோனா கையால் பந்தைத் தட்டிக் கோலடித்தபோது அதைத் தவறவிட்டவர் துனிசிய நடுவர் அலி பின் நாசர். நிழற்படம் சில மணி நேரத்தில் உலகத்துக்கே காட்டிவிட்ட உண்மையை அவரிடம் மட்டும் அந்த நேரத்தில் சொல்ல யாரும் இல்லை.

தவறு எங்கிருந்து வருகிறது என்பதை ஆய்வுக்கூடங்கள் தேடத் தொடங்கியது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில். 2000-இல் ‘நேச்சர்’ இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆஃப்சைடு பிழைகளுக்கு ஓர் எளிய விளக்கம் தந்தார்கள். துணை நடுவர் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் முன்னால் போய்விட்டால், அவர் கண்ணுக்குத் தாக்குதல் ஆட்டக்காரர் இருக்கும் இடமே மாறித் தெரியும். கவனக்குறைவோ பாரபட்சமோ தேவையில்லை. நிற்கும் இடமே தவறை உண்டாக்கிவிடும். 2002-இல் ஆலன் நெவில் குழுவினர் இங்கிலாந்தில் செய்த சோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஓர் ஆட்டத்தின் 47 மோதல்களைப் படமாகக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் மைதானத்தின் இரைச்சலோடு பார்த்தார்கள், மற்றவர்கள் சத்தமே இல்லாமல். இரைச்சலைக் கேட்டவர்கள் சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு எதிராகச் சொன்ன ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. படம் ஒன்றுதான், விதியும் ஒன்றுதான். மாறியது காதில் விழுந்தது மட்டும்.

அதிகாரபூர்வமான மாற்றம் கோல் கோட்டிலிருந்து தொடங்கியது. 2010 ஜூன் 27 அன்று புளூம்ஃபோன்டைனில் நடந்த உலகக்கோப்பை ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தெளிவாகத் தாண்டி உள்ளே விழுந்து எழும்பியது, கோல் தரப்படவில்லை. அதுவரை தொழில்நுட்பத்தை எதிர்த்துவந்த ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2012 ஜூலையில் விதிகளை வகுக்கும் சர்வதேசக் குழு கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கொடுத்தது. கேமராக்கள் பந்தைத் தொடர்கின்றன. பந்து தாண்டினால் ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிர்கிறது. இங்கே விவாதத்துக்கு இடமில்லை. ஆனாலும் 2020 ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லாவுக்கும் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கும் நடந்த ஆட்டத்தில் இந்தக் கருவியே தவறியது: வில்லாவின் கோல்கீப்பர் பந்தோடு கோட்டுக்கு உள்ளே போனதை ஆட்டக்காரர்களின் உடல்கள் கேமராக்களிடமிருந்து மறைத்துவிட்டன. கருவியை இயக்கிய ஹாக்-ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் 0-0 என்று முடிந்தது. அந்தப் பருவத்தின் கடைசியில் வில்லா ஒரே ஒரு புள்ளியில் முதல் பிரிவில் தப்பிப் பிழைத்தது.

கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பது அளவுக் கேள்வி. பெனால்டியா, சிவப்பு அட்டையா என்பது அப்படி இல்லை. அந்தப் பகுதிக்குள் நுழைந்தது காணொளி உதவி நடுவர் முறை. நெதர்லாந்து அதை ஒத்திகை பார்த்தது. 2016-இல் சர்வதேசக் குழு சோதனைக்கு அனுமதித்தது. 2018 மார்ச் 3 அன்று விதிப்புத்தகத்தில் சேர்த்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கில் மட்டும், அதுவும் ‘தெளிவான, வெளிப்படையான’ தவறு இருந்தால் மட்டும் தலையிடலாம் என்பது அப்போதைய விதி. சோதனைகளைக் கணக்கெடுத்த பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் 20-க்கும் மேற்பட்ட போட்டித் தொடர்களின் 804 ஆட்டங்களை ஆராய்ந்து, சரியான முடிவுகள் 93 சதவீதத்திலிருந்து 98.9 சதவீதமாக உயர்ந்ததாகச் சொன்னது. அதே ஆண்டு ரஷ்ய உலகக்கோப்பையின் முதல் சுற்று முடிந்ததும் நடுவர் குழுத் தலைவர் பியர்லூயிஜி கொல்லினா 95 சதவீதம் 99.3 ஆனதாக அறிவித்தார். 2024 பிப்ரவரியில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் அதிகாரி டோனி ஸ்கோல்ஸ் சொன்ன கணக்கு வேறு: இந்த முறை வருவதற்கு முன் 82, வந்த பிறகு 96.

உலகத்தின் சிறந்த நடுவர்களில் பலர் வேலை செய்யும் இங்கிலாந்தில், உதவி இல்லாத நடுவர் 82-இல் நிற்க, ரஷ்யாவில் அவர் 95-இல் நிற்கக் காரணம் திறமை இல்லை. எதையெல்லாம் எண்ணுகிறோம் என்பதே காரணம். ரஷ்யாவில் 48 ஆட்டங்களில் சரிபார்த்த நிகழ்வுகள் 335. விழுகிற ஒவ்வொரு கோலும் தானாகவே சரிபார்க்கப்படும். அந்த 48 ஆட்டங்களில் விழுந்த கோல்கள் மட்டும் 122. அவற்றில் பெரும்பாலானவற்றில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருந்திருக்காது. யாரும் தவறவிட முடியாத கேள்விகளைத் தேர்வுத்தாளில் சேர்த்தால் எல்லாருடைய மதிப்பெண்ணும் ஏறும். தகராறான நிகழ்வுகளை மட்டும் எடுத்து எண்ணினால் இறங்கும். எண்ணும் முறையைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்வது நடுவருக்கும் நியாயமில்லை, ரசிகருக்கும் நியாயமில்லை.

எதை எண்ணுவது என்பதற்கு அடுத்த கேள்வி, எது சரி என்று யார் சொல்வது. இங்கிலாந்தில் 2001-இல் முழுநேர நடுவர்களும் அவர்களை நிர்வகிக்கும் அமைப்பும் வந்ததிலிருந்து, ஆட்டங்களை முழுதாகத் திரும்பப் பார்த்து மதிப்பிடும் வேலை நடந்துவந்தது. நடுவர்களை அவர்களது சொந்த அமைப்பே மதிப்பிட்டால் கிளப்புகள் நம்புமா? 2022-23 பருவத்தில் முக்கிய நிகழ்வுகளுக்கென்று ஐவர் குழு ஒன்றை அமைத்தார்கள். முன்னாள் ஆட்டக்காரர்கள் அல்லது பயிற்சியாளர்கள் மூவர், லீக்கின் சார்பில் ஒருவர், நடுவர் அமைப்பின் சார்பில் ஒருவர். நடுவர் தரப்புக்கு ஐந்தில் ஒரே ஒரு வாக்கு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு தனிக் கேள்விகள்: களத்தில் நடுவர் எடுத்த முடிவு சரியா? திரை முன் இருந்தவர் தலையிட்டிருக்க வேண்டுமா? முதல் கேள்விக்குத் தவறு என்றும் இரண்டாவதுக்குத் தலையிட வேண்டியதில்லை என்றும் ஒரே நேரத்தில் பதில் வரலாம். தவறுதான், ஆனால் வெளிப்படையான தவறு இல்லை. ஐவரும் ஒன்றுபடாமல் 3-2 என்று பிரிந்த முடிவுகளும் உண்டு. ஒருவர் மனம் மாறியிருந்தால் அந்த முடிவு மறுபக்கத்துப் பத்தியில் ஏறியிருக்கும்.

தீர்ப்பு சரியாக இருந்தும் முடிவு தவறாகலாம் என்பதை 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் மைதானம் காட்டியது. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோலடித்தார். துணை நடுவர் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார். திரை அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். டியாஸ் ஆஃப்சைடில் இல்லை. அளவில் பிழையே கிடையாது. களத்தில் கோல் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்ட காணொளி நடுவர், சரிபார்த்தாயிற்று என்று மட்டும் சொன்னார். களத்து நடுவர் அதை ஆஃப்சைடு உறுதி என்று எடுத்துக்கொண்டு ஃப்ரீ கிக்கோடு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சில நொடிகளில் அறையிலிருந்த கருவி இயக்குபவருக்கு விஷயம் புரிந்தது. ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு திருத்தக் கூடாது என்பது விதி. விதியை மீறக்கூடாது என்று அறை அமைதியானது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. சில நாளில் அந்த அறையின் ஒலிப்பதிவு வெளியானது. அதற்குப் பிறகு, முடிவைச் சுருக்கமாக இல்லாமல் முழுதாகச் சொல்ல வேண்டும் என்று பேச்சுமுறையையே மாற்றினார்கள்.

அளவுகோலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2019-இல் பந்து கையில் படுவது குறித்த விதியைக் கடுமையாக்கி, கோலுக்கு முன் தாக்குதல் அணியினரின் கையில் தற்செயலாகப் பட்டாலும் கோல் செல்லாது என்றார்கள். 2021-இல் அதைத் தளர்த்தி, சக ஆட்டக்காரரின் கையில் தற்செயலாகப் பட்டிருந்தால் குற்றமில்லை என்றார்கள். ஒரே மாதிரியான கோலை மறுத்த இரண்டு நடுவர்களில் முன்னவர் சரி, பின்னவர் தவறு. ஆண்டுகளைத் தாண்டிச் சதவீதங்களை ஒப்பிடும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முக்கிய நிகழ்வுகளை மதிப்பிடும் அந்த ஐவர் குழுவின் கணக்குப்படி பிரீமியர் லீக்கில் காணொளி நடுவர்களின் தவறுகள் 2022-23-இல் 38, 2023-24-இல் 31, 2024-25-இல் 18. மூன்றும் ஒரே வகைக் குழு, ஒரே முறையில் எண்ணியவை என்பதால் சதவீதங்களைவிட இந்த இறக்கம் நம்பத்தக்கது. 2025 ஏப்ரலில் பாதித் தானியங்கி ஆஃப்சைடு முறையும் அங்கே வந்தது. அதோடு, கோடு போடும் வேலையின் பெரும்பகுதி மனிதக் கையிலிருந்து விலகியது. அதே ஆண்டு ஜனவரியில் லீக் கோப்பை அரையிறுதியில், காணொளியைச் சரிபார்த்த பின் முடிவையும் அதன் காரணத்தையும் நடுவரே ஒலிவாங்கியில் மைதானத்துக்கு அறிவிக்கும் முறை இங்கிலாந்தில் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது.